நாடியும் நாளமும்

பரியாரியார் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்ப்பது நாடியையே. அதன் அயலில் நீலமாய்ப் புடைத்துக் கிடக்கும் நாளத்தை எவரும் பிடித்துப் பார்ப்பதில்லை. பிடித்தாலும் அதில் துடிப்பிராது. நாடி இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது. நாளம் திருப்பிக் கொணர்வது. இன்று பள்ளிப் பிள்ளைகள் கூறும் இவ்வுண்மையை உலகம் அறிய நெடுங்காலம் சென்றது.

ஆரையம்பதியிற் பிறந்த நமக்கு அத்தாமதம் வியப்பளிப்பதில்லை. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. மாரியில் வெள்ளம் முகத்துவாரத்தாற் கடலுக்குப் பாய்வதையும் கோடையில் உவர்நீர் உட்புகுவதையும் கண்டு வளர்ந்தோர், உடம்பிலும் குருதி அவ்வாறே போவதும் வருவதுமாய் அலையும் என எண்ணுவது இயல்பே. இரண்டாம் நூற்றாண்டில் கலன் என்னும் கிரேக்க வைத்தியர் எண்ணியதும் ஏறக்குறைய இதுவே. உணவிலிருந்து ஈரலிற் குருதி பிறக்கிறது, உறுப்புகள் அதனை உண்டு தீர்க்கின்றன என்றார். ஏறத்தாழ 1400 ஆண்டுகள் அறிஞர்கள் அதனை ஒப்பினர்.

1628இல் ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹார்வி கணக்கினால் அதனை மறுத்தார். இன்றைய எண்களைக் கொண்டு நாமும் அக்கணக்கைப் போடலாம். ஒரு துடிப்பிற்கு ஏறக்குறைய 70 மில்லிலீற்றர். நிமிடத்திற்கு 72 துடிப்பு. ஆகவே நிமிடத்திற்கு 5 லீற்றர், மணிக்கு 300 லீற்றர். உடம்பிலுள்ள குருதியோ மொத்தம் 5 லீற்றர் அளவே. மணிக்கு 300 லீற்றர் குருதியாகும் சோற்றை எவர் உண்ண வல்லார்? சென்ற குருதியே மீண்டு வருகிறது என்பதன்றி வேறு வழியில்லை.

ஹார்வி காட்டிய சோதனையொன்றை வீட்டிலேயே செய்யலாம். நரம்போடிய கை பாட்டனாருடையதே இதற்கு உகந்தது. கையைத் தொங்கவிடச் செய்து, முன்கையிற் புடைத்த நாளமொன்றை ஒரு விரலால் அழுத்துங்கள். மற்றொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு, அவ்விரலை எடுத்துவிடுங்கள். வழித்த இடம் வெறுமையாகவே கிடக்கும். மேலே சென்ற குருதி கீழிறங்காது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். உள்ளே வால்வுகள் இருத்தலே காரணம். வாவிக்கு இல்லாத கதவு நாளத்திற்கு உண்டு.

நாடியும் நாளமும் எங்கே கூடுகின்றன என்பதை மட்டும் ஹார்வி காணவில்லை. அவர் மறைந்து நான்காண்டின்பின், 1661இல், இத்தாலியரான மல்பீகி தவளையின் நுரையீரலில் மயிர்த்துளைக் குழாய்களை நுணுக்குக்காட்டியாற் கண்டார். (இவையெல்லாம் தமிழிற் சொல்ல வாரா என்பார்க்கு ஒரு வார்த்தை: பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்.)

இதயத்திலும் நான்கு வால்வுகள் உள. அவை மூடும் ஓசையே நாம் கேட்கும் ‘லப்டப்’. எமது தமக்கையாரின் மகளுக்குப் பத்து வயதில் தொண்டைநோவு வந்து மாறியது. சில வாரங்களின்பின் காய்ச்சல்; முழங்கால் வீங்கி வற்றக் கணுக்கால் வீங்கியது. வளரும் பிள்ளைக்கு இது வழமை என்றனர் அயலார். வைத்தியர் நெஞ்சிற் குழாய் வைத்துக் கேட்டு வாதக் காய்ச்சல் என்றார். தொண்டைக் கிருமியை எதிர்க்க எழுந்த உடம்பின் காவலே இதய வால்வையும் தாக்கிவிடுமாம். இடப்பக்கத்துச் சோணையறைக்கும் இதயவறைக்கும் நடுவேயுள்ள வால்வு முற்றாக மூடவில்லை; துடிப்புத்தோறும் சிறிது குருதி பின்னே ஒழுகுகிறது. மறுமுறை தொண்டைநோவு வந்து அக்கேடு வளராதிருக்க, மூன்று வாரத்திற்கொருமுறை பெனிசிலின் ஊசி போடுகின்றனர்.

சென்றமுறை அவள் வைத்தியரின் குழாயை வாங்கித் தன் நெஞ்சைத் தானே கேட்டாள். ‘லப்’புக்கும் ‘டப்’புக்கும் நடுவே ஒரு சீறல் கேட்கிறது மாமா என்றாள். பின்பு கையை நீட்டினாள், ஊசிக்கு.