இந்த ஒரு கண்ணிதான் உசுரு

சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கம்பளி நூல் வந்து இறங்கியது. பிரான்ஸிலிருந்து. பெட்டியைப் பிரித்த அம்மா முதலில் முகர்ந்து பார்த்தாள். "ஆட்டு நாத்தமே இல்லையேடி" என்றாள். பிறகு ஒரு நூல்கண்டைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, வியர்வை பட்டுவிடும் என்று சட்டென எடுத்துவிட்டாள்.

பூவம் தெரியாதவர்களுக்கு: காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடி போகும் சாலையில் புதுச்சேரி மாநிலம் முடிகிற இடம் அது. நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. பேருந்தில் கடந்து போகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் எல்லைச் சாவடியும் மதுக்கடைகளும்தான். வருடத்தில் ஒருநாள்கூடக் கம்பளி தேவைப்படாத ஊர். மார்கழிப் பனிக்கு அப்பா தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார், அவ்வளவுதான். சால்வை எங்களுக்குக் குளிருக்கானது இல்லை, மரியாதைக்கானது. அப்பாவின் பீரோவில் விழாக்களில் போர்த்திய பாலியஸ்டர் சால்வைகள் பதினொன்று இருக்கின்றன. அம்மாவுக்கு இதுவரை யாரும் ஒன்றுகூடப் போர்த்தியதில்லை.

அந்த நூல் இங்கே வந்ததற்குப் பின்னால் பழைய கதை உண்டு. 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இருந்தன. 'சொல்தா வீடு' என்றால் எங்கள் பக்கம் புரிந்துகொள்வார்கள்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்ஷன் வாங்குகிற வீடு. சித்தி அப்படியொரு வீட்டுக்கு வாக்கப்பட்டு பிரான்ஸ் போனாள். அவள் மகள், எனக்குத் தங்கை, கட்டிக்கொண்டது ஒரு விவசாய வீட்டுப் பையனை. அவர்கள் குடும்பப் பண்ணையில் மாடுகளை விற்றுவிட்டு இப்போது பதினான்கு அல்பாக்காக்களை வளர்க்கிறார்கள்.

அல்பாக்கா தென்னமெரிக்க ஆண்டிஸ் மலையின் பிராணி. ஒட்டகத்தின் தூரத்துச் சொந்தம். காட்டில் திரிகிற விக்குன்யாவைப் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அங்குள்ள மக்கள் பழக்கி உண்டாக்கியது. இன்றும் உலகில் உள்ளவற்றில் பெரும்பகுதி பெருவில்தான். கோடை தொடங்கும் முன் வருடத்துக்கு ஒருமுறை முடி வெட்டுவார்கள். ஒன்றிலிருந்து இரண்டு மூன்று கிலோ கிடைக்கும். செம்மறிக் கம்பளியில் இருக்கிற லனோலின் என்ற பிசுக்கு இதில் இல்லை. அம்மா தேடிய நாற்றம் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இதையெல்லாம் தங்கை வீடியோ காலில் சொன்னாள். அல்பாக்காக்கள் சேர்ந்து ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும், அள்ளுவது சுலபம் என்றாள். அம்மா யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப வயல்ல கிடை போட முடியாதே, பாப்பா?"

தங்கைக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுவடை முடிந்த டெல்டா வயல்களுக்குத் தெற்கே ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவருவார்கள். ராத்திரி வயலில் பட்டி அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலம் முழுக்க உரமாகும். அதற்குத்தான் கூலி. அந்த ஆடுகளின் முடியை யாரும் சீந்துவதில்லை. ஆட்டை எருவுக்காகப் பார்த்துப் பழகிய கண், அதே கேள்வியைத்தான் அல்பாக்காவிடமும் கேட்கும்.

*

குரோஷே பிரெஞ்சுச் சொல். சின்னக் கொக்கி என்று பொருள். மற்ற ஊர்களில் குரோஷா என்பார்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் கற்றதால் குரோஷே என்றுதான் சொல்வாள். தொடக்கத்தில் போடுகிற சங்கிலிக்கு அவள் சொல்கிற பெயர் 'மாய் ஆன் லேர்'. காற்றில் போட்ட கண்ணி. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு அதோடு சரி.

இரண்டு ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும்போது நூறு கண்ணிகள் இருந்தால் நூறும் ஊசியில் உயிரோடு நிற்கும். நழுவினால் எல்லாம் போச்சு. குரோஷேயில் ஒவ்வொரு கண்ணியும் போட்ட உடனே முடிந்துவிடும். கொக்கியில் இருப்பது ஒன்றே ஒன்று. "இந்த ஒரு கண்ணிதான் உசுரு" என்பாள் அம்மா. அதை ஒரு ஊக்கில் மாட்டிவிட்டு எழுந்து போகலாம். பால் பொங்கினால் போகலாம், பேரன் அழுதால் போகலாம், கரண்ட் போனால் அப்படியே வைத்துவிடலாம். திரும்பி வரும்போது வேலை விட்ட இடத்திலேயே இருக்கும்.

நான் இதை ஒரு வசதி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். ஆனால் எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கலாம் என்பதாலேயே, அதை வேலை என்று யாரும் எண்ணாமல் போயிருக்கிறார்கள். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, கன்னிமடங்கள் பெண்களுக்குக் குரோஷே சொல்லிக்கொடுத்து விற்க வைத்தன. ஏறக்குறைய அதே காலத்தில், எங்களைப் போலவே ஒரு டெல்டாக் கரையில், கோதாவரி கடலில் சேரும் நரசாபுரத்தில், மிஷனரிகள் லேஸ் பின்னலைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆய்வு செய்து 1982இல் எழுதிய 'நரசாபுரத்து லேஸ் பின்னும் பெண்கள்' என்ற ஆங்கில நூல் புகழ்பெற்றது. உலகச் சந்தைக்குப் பின்னிய அந்தப் பெண்கள் தொழிலாளிகளாகக் கணக்கில் வரவில்லை என்பதுதான் அவர் கண்டது. வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பின்னலை ஏற்றுமதி செய்த வியாபாரிகள் வளர்ந்தார்கள்.

இத்தனைக்கும் ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு, நிஜக் குரோஷே போட இன்றுவரை தொழிற்சாலை இயந்திரம் வரவில்லை. கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷே சட்டையும் யாரோ ஒருத்தி கையால் போட்டதுதான்.

*

தங்கையின் யோசனை இது: பண்ணை நூல், பெரியம்மா கை. அவர்கள் ஊர்ச் சந்தையில் ஒரு சால்வை 150 யூரோவுக்குப் போகும். "உங்களுக்கு எவ்வளவு அனுப்பணும், பெரியம்மா?" என்று கேட்டாள்.

"நூல் உன்னோடது. நான் சும்மா உக்காந்திருக்கிற நேரம்தானே. எனக்கெதுக்குடா காசு?"

நான் சென்னைக் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்து மணிக்கணக்கில் பில் போடுகிறவள். பதினைந்து நிமிடத்தைக்கூட விடமாட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. முதல் சால்வை தொடங்கிய அன்றே போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். அம்மா கொக்கியை எடுத்தால் ஓடவிடுவேன், வைத்தால் நிறுத்துவேன்.

பகலில் வேலை நடக்கவில்லை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை ஈரமாகி நூல் விரலிலேயே ஒட்டியது. கையில் பவுடர் பூசிக்கொண்டு, கடல்காற்று இறங்கிய பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாசல் திண்ணையில்தான் போட முடிந்தது. முதல் சால்வையை அலசிக் கொடியில் தொங்கவிட்டாள். காலையில் பார்த்தால் ஒரு சாண் நீண்டு கிடந்தது. செம்மறிக் கம்பளி மாதிரி அல்பாக்கா நூல் சுருங்கி மீளாது, ஈரத்தின் கனத்தில் இழுபட்டுக்கொண்டே போகும். அம்மா ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் உருவிக் கண்டாக்கினாள். மறுபடி போட்டதைப் பாயில் விரித்துத்தான் உலர்த்தினாள். ஸ்டாப்வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அந்த இரண்டாம் முறையை மட்டும்தான் கணக்கில் வைத்தேன். ஆறு கண்டு, 300 கிராம், 42 மணி நேரம்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். 2024இல் பிரான்ஸில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.65 யூரோ. 42 மணி நேரத்துக்கு 489 யூரோ, நம்ம பணத்தில் நாற்பத்து நாலாயிரம் ரூபாய் பக்கம். அதே வருடம் புதுச்சேரியில் நூறு நாள் வேலைக்கு நாள்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் ஐந்தேகால் நாள், 1,675 ரூபாய். ஒரே கை, ஒரே வேலை.

அம்மா முதல் எண்ணை நம்பவே இல்லை. இரண்டாவதைக் கேட்டுத்தான் கோபம் வந்தது. "ஏரியில போயி நின்னா கூலி உண்டு. திண்ணையில உக்காந்தா இல்லையா?"

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த கேள்வி வந்தது.

"இடையில எழுந்து உங்கப்பாவுக்குச் சுடுதண்ணி வெச்சேன், தயிர் உறை ஊத்துனேன், கொல்லைக் கதவைச் சாத்துனேன். அதெல்லாம் சேத்தியா?"

"இல்லம்மா. அப்பல்லாம் நிறுத்திட்டேன்."

"அப்ப அது யாரு கணக்குல வரும்?"

அப்பா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. பில்லுக்கு உரிய நேரம், மற்ற நேரம் என்று பிரிக்கத்தான் எனக்குத் தெரியும். அந்த மற்ற நேரத்தில்தான் நானும் அண்ணனும் வளர்ந்திருக்கிறோம்.

*

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது நான்கு சால்வைகள் முடிந்திருந்தன. சாயம் போடாத நிறங்கள்: பால் வெள்ளை, பழுப்பு இரண்டு, ஒன்று ஈரக் கரிசல் மண் மாதிரி. பூச்சி அரிக்காமலிருக்க வேப்பிலை வைத்து மடித்து, அப்பாவின் சால்வைகளை ஒதுக்கி அவர் பீரோவிலேயே வைத்தாள். அனுப்புவதற்கு முன்தினம் தங்கையைக் கூப்பிடச் சொன்னாள். போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பாப்பா, பெரியம்மா ஒண்ணு கேப்பேன், தப்பா நினைக்காத. ஒரு சால்வைக்கு அறுபது யூரோ குடு. நூலு உன்னோடது, சந்தையில நிக்கிறது நீ. கை என்னோடது."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. பிறகு, "சரி பெரியம்மா. நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் தங்கை. எந்தக் கணக்கில் எங்கே குறைப்பது, எவ்வளவு போட்டு அனுப்புவது என்று மேலும் கொஞ்சம் பேசினார்கள். பணம் அப்பாவின் கணக்குக்கு வேண்டாம், தன் பாஸ்புக் எண்ணுக்கே வரட்டும் என்று அம்மா சொன்னபோது குரல் லேசாக நடுங்கியது.

போனை வைத்துவிட்டு ஐந்தாவதை எடுத்தாள். ஊக்கிலிருந்து கண்ணியை மீட்டுக் கொக்கியில் ஏற்றினாள். இரண்டு வரிசை போட்டிருப்பாள். எண்ணிக்கை தப்பிவிட்டது. அந்த இரண்டு வரிசையையும் உருவிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"ஏண்டி, எழுபதா கேட்டிருக்கலாமோ?"