ரப்பர் புஷ்

முன்னேஸ்வரம் கோயிலிலிருந்து சிலாபம் போகும் வழியில் ஒரு கராஜ். உள்ளே சிவப்பு ஓட்டோ. கண்ணாடியில் வடிவாம்பிகை ஸ்டிக்கர். வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடுகிறது. கட்டண மீட்டரின் எண்கள் நடுக்கத்தில் இரட்டை இரட்டையாய்த் தெரிகின்றன.

கராஜ் மெக்கானிக் பாஸ் மீட்டரின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்க்கிறார். எஞ்சினை நிறுத்திவிட்டு, மீட்டரை இரும்புப் பட்டியில் நேரே முறுக்கியிருந்த நான்கு ஆணிகளையும் கழற்றுகிறார். டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷையும் நகத்தால் அழுத்திப் பார்த்து, மெத்தென்றவற்றை மட்டும் எடுத்துப் பூட்டுகிறார். சாரதி ஸ்பேனரை வாங்கி இன்னொரு சுற்று இறுக்கப் போகிறான். மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

"இறுக்காத தம்பி. நசுங்கின ரப்பரும் இரும்பும் ஒண்ணுதான்."

அதற்குமேல் பேச்சில்லை. விறைப்பாக வந்த வயரைத் தளர்த்தி ஒரு வளையம் விடுகிறார். ரப்பர் தடுத்த நடுக்கம் வயர் வழியே ஏறிவிடக் கூடாதே.

சொந்தமாகச் சிறுவிமானம் கட்டுகிறவர்கள் படும் பாடும் இதுதான். கருவிப் பலகையையே ரப்பர் தாங்கிகளில் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் ஜைரோவின் பேரிங் தேயும், முள் ஆடும். வேடிக்கை என்னவென்றால், ஜெட் விமானங்களில் நடுக்கம் போதாமல் உயரமானியின் முள் ஒட்டிக்கொண்டது. அதை உலுக்கவென்றே உள்ளே ஒரு சிறு அதிர்வியை வைத்தார்கள்!

பாஸ் எஞ்சினை முடுக்குகிறார். மீட்டர் முன்னைவிட மோசமாக ஆடுகிறது. சாரதியின் முகம் சுருங்குகிறது. பாஸ் அவனைப் பார்க்காமல் திரொட்டிலைத் திருகுகிறார். வேகம் ஏற ஏற ஆட்டம் குறைந்து எண்கள் தெளிகின்றன. விட்டதும் மறுபடி ஆட்டம். ரப்பரில் நிற்கும் பொருளுக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. எஞ்சினின் துடிப்பு அதை நெருங்கினால் நடுக்கம் பெருகும். சுமார் ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் வேலை செய்யும். நிமிடத்துக்கு 3000 சுற்றென்றால் நொடிக்கு 50; சும்மா நிற்கும் வண்டியில் அது பாதிகூட வராது.

புஷ்ஷை மாற்றுவார் என்று நினைத்தேன். மாற்றவில்லை. பழைய இரும்புத் துண்டொன்றை மீட்டரின் முதுகில் பூட்டுகிறார். பாரம் கூடினால் அந்தச் சொந்த ஆட்டம் மெதுவாகும், எஞ்சினிலிருந்து விலகும். இந்தக் கணக்கை அவர் எங்கே படித்தாரோ. மறுபடி முடுக்குகிறார். வண்டி நடுங்குகிறது, எண்களை வாசிக்க முடிகிறது.

மிச்சப் புஷ்களில் நான்கைச் சாரதியின் கையில் வைக்கிறார். வெயிலில் ரப்பர் இறுகும். இறுகியதும் மாற்ற வேண்டும்.