மருந்தும் மானமும்

வெம்பக்கோட்டைப் பக்கத்தில் 'மருந்து' என்றால் பட்டாசுக்கு இடும் ரசாயனம் என்றே முதலில் பொருள்படும். முப்பது வருஷம் அதனோடு பழகிய நம் தகப்பனாருக்கு எழுபதாம் வயதில் வேறொரு மருந்து வந்து வாய்த்தது. பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி.

ஆண் சுரப்பு நீரை ஒடுக்கினால் இந்நோய் தணியும் என்று 1941-ல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ், 1966-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஒடுங்குவது நோய் மட்டுமன்று. திடீரென அனல் பரவி வியர்த்துக் கொட்டும், தசை தளரும், எலும்பு நலியும், இச்சை அடங்கும், மனம் சோரும்.

"ஊசி போதும் தம்பி. ஆம்பிளையாகவே போய்ச் சேருகிறேன்" என்றார் ஒரு நாள். வகுப்பில் வாய் ஓயாத நாம் வாயடைத்து நின்றோம்.

பிறகு வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். கூச்சம் விட்டு அவரே யாவும் சொன்னார். வைத்தியர் எலும்பின் அடர்த்தியைச் சோதித்தார். கால்சியமும் வைட்டமின் டி-யும் அளவறிந்து கொடுத்தார். நடையோடு பளு தூக்கும் பயிற்சியும் விதித்தார். காரமும் காப்பியும் குறைந்தன. "மருந்தறையில் பருத்திதானே உடுத்துவோம்!" என்று தகப்பனார் நூல் துணிக்கு மாறினார்.

அனல் இன்னும் வருகிறது. ஆனால் ஊசியை நிறுத்தும் பேச்சு இல்லை. இச்சை திரும்பவில்லை, அதைப்பற்றித் தாயாரிடம் மனம்விட்டுப் பேசினார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

இவ்வூசி போடும் பெரியவர் உங்கள் இல்லத்தில் இருந்தால், நேயர்களே, நீங்களே முந்திக் கேளுங்கள். நாம் கேட்கக் கூசியே பல மாதங்களை வீணாக்கினோம்.