கான்சாபுரத்து மலையும் காமிராவும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பும் யாத்திரிகர்களில் அநேகர் வத்திராயிருப்புப் பக்கம் போவதில்லை. போகிறவர்களும் சதுரகிரி மகாலிங்கத்தைத் தரிசிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரத்தில் நிற்க அவர்களுக்கு ஏது நேரம்? நாம் இறங்கி நின்றோம்; கையில் காமிராவும் இருந்தது.

ஊரின் பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது. கும்பெனியாருக்குச் சேவகம் செய்து, பிறகு அவர்களையே எதிர்த்து, 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான் சாகிபு யூசுப்கானின் பெயரால் அமைந்த ஊர் இது என்பார்கள். மனிதன் மறைந்தும் அவன் பெயர் நிலத்தில் தங்கிவிட்டது. மனிதனுக்கும் மண்ணுக்கும் உள்ள அந்த ஒட்டுறவு படத்தில் விழுமா என்று பார்ப்பதே நமது நோக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வூருக்கு மேற்கே நிற்கிறது. ஆகையால் காலை வெயில் மலையின் முகத்தில் நேரே விழுந்து, ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துக் காட்டுகிறது. மாலையிலோ சூரியன் அதற்குப் பின்னே இறங்க, அதே மலை வெறும் கரிய மதிலாகிவிடுகிறது. ஆடியில் தென்மேற்குப் பருவமழை மலைகளுக்கு அப்பால் கேரளத்தில் கொட்டித் தீர்க்க, இங்கே சிகரத்தில் மேகமும் அடிவாரத்தில் காற்றுமே மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்தால் கண்மாய் நிறைந்து, மலை நீரில் தலைகீழாய் நிற்கும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்ததன் பொருத்தம், காமிராவுடன் கரையில் நிற்கும்போது நன்கு விளங்குகிறது. காமிரா பிடிப்பதும் அவ்விரண்டையுந்தானே! உரிப்பொருளை மட்டும் பார்ப்பவரே கொண்டுவர வேண்டும்.

இது வெறும் கற்பனையன்று. சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, 1858-ல் மதுரை யானைமலையைப் படம் எடுத்தார். மெழுகேற்றிய காகிதமே அவருக்கு நெகடிவ். அக்காலத்து ரசாயனத்தில் வானம் வெறிச்சென்று விழும். டிரைப் சில நெகடிவ்களின் மீது சாயம் தீட்டி, தாமே மேகங்களை உண்டாக்கினார். பாறையும் பனையும் நம் நாட்டினுடையவை. மேகம் அவர் மனத்தில் எழுந்தது. சர்க்காருக்காக எடுத்த படத்திலும் எடுத்தவர் ஒளிந்திருக்கிறார்!

நம்முடைய வீட்டுச் சுவர்களை இனிப் பாருங்கள். தாத்தாவும் பாட்டியும் ஸ்டூடியோ நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். பின்னால் திரைச்சீலையில் மாளிகைப் படிக்கட்டும், அவர்கள் கண்டறியாத ஏதோ ஓர் ஏரியும் தீட்டியிருக்கும். அவர்கள் உழுத வயலும் நீர் இறைத்த கிணறும் எங்கே? இன்று ஆளுக்கொரு கைப்பேசி, அதில் ஒரு காமிரா. ஆயினும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுப்பதே வழக்கமாயிருக்கிறது.

கண்மாய்க் கரையில் மாடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர், "மலையை எதுக்குய்யா படம் எடுக்கிறீக? அது எங்கேயும் போயிடாதே!" என்றார். வாஸ்தவம், மலை போகாது. ஆனால் அதன் முன்னே விரிந்த நெல்வயல் நாளை தென்னந்தோப்பாகலாம். தோப்பு வீட்டு மனையாகலாம். அவ்வயலை அறிந்த கண்களும் ஒருநாள் மூடிவிடும். அப்பால் பிறக்கும் பிள்ளை, "நாம் எந்த ஊர்?" என்று கேட்டால் எதைக் காட்டுவது?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகும்போது, பிள்ளைகளை ஒரே இடத்தில் நிறுத்தி, காலையிலும் மாலையிலும், கோடையிலும் மழையிலும் நிலத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறம் இடம், மாதம், வேளை ஆகியவற்றுடன் எடுத்தவர் பெயரையும் எழுதச் செய்யுங்கள். ஐந்தாறு வருஷத்துப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, ஊர் மாறியதும் தெரியும். தாங்கள் வளர்ந்ததும் தெரியும்.