பிஸ்கட்டும் கழுந்தும்

9 டிசம்பர் 2024, திங்கள், விழுப்புரம்

ஃபெஞ்சல் புயல் போய் ஒரு வாரத்துக்கு மேலாகிறது. பட்டறை வாசலில் இன்னும் நனைந்த சாமான்கள்தான் வந்து இறங்குகின்றன. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழை எந்த வீட்டை விட்டது? துகள் பலகை அலமாரி என்றால் கேட்கவே வேண்டாம். அடிப்பக்கம் உப்பி, திருகு பிடிக்க இடமில்லாமல் உதிர்கிறது. திருப்பி அனுப்பிவிடுகிறேன். தேக்குக் கட்டிலைச் சேறு கழுவி நிழலில் காயவைத்தாலே பாதி பிழைத்துவிடும். வெயிலில் போட்டால் வெடிக்கும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

10 டிசம்பர், செவ்வாய்

திண்டிவனம் டீச்சரம்மாவுக்குச் சாப்பாட்டு மேசை. மேலே தேக்குப் பலகைகளைப் பக்கவாட்டில் சேர்க்க வேண்டும். பிஸ்கட் மெஷினை எடுத்தேன். “கிரைண்டர் மாதிரி இருக்கே மாமா” என்றான் புதுப் பையன். அதேதான். 4 மி.மீ. கனத்தில் பலகை விளிம்பில் வில்லாக ஒரு காடி வெட்டும். எதிர்ப் பலகையிலும் அதற்கு நேராக ஒன்று. பசை தடவி, நடுவில் பீச் மரத்தை அழுத்திச் செய்த நீள்வட்டச் சில்லு, அதுதான் பிஸ்கட். 20-ஆம் நம்பர் சில்லு 56 மி.மீ. நீளம், 23 அகலம். பசையிலுள்ள தண்ணீரைக் குடித்து உப்பி, காடிக்குள் இறுகிக்கொள்ளும்.

1950-களில் சுவிட்சர்லாந்துத் தச்சர் ஹெர்மன் ஸ்டெய்னர் இதைக் கண்டுபிடித்ததே, அப்போது புதிதாக வந்த துகள் பலகையை இணைக்கத்தான். நான் வாசலோடு திருப்பி அனுப்பும் அதே பலகை!

காடி சில்லைவிடச் சற்று நீளம். அரை நூல் இப்படி அப்படித் தள்ளி நேர்செய்யலாம். துளை போட்டு மரக்குச்சி இறக்கும் வேலையில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு துளை பிசகினால் பலகையே சேராது.

12 டிசம்பர், வியாழன்

மறுபடி மழை. காற்றின் ஈரத்துக்கே சில்லு உப்பும். டப்பாவை இறுக மூடி வைத்தேன்.

மேசையை இன்றைக்கே இழைத்துவிடலாம் என்கிறான் பையன். கூடாது. பசையின் ஈரத்தில் சில்லுக்கு மேலுள்ள மரமும் லேசாகப் புடைத்திருக்கும். இப்போது இழைத்தால், காய்ந்தபின் அங்கங்கே நீள்வட்டமாய்ப் பள்ளம் விழும். பாலிஷ் போட்டதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். அரை நாள்தான் வேலை. மேசைக் கால்களுக்குக் கழுந்து, அதாவது துளைக்குள் இறங்கும் மர நாக்கு, செதுக்கினேன். “இதுக்கும் பிஸ்கட் போட்டா சீக்கிரம் முடியுமே?” முடியும். ஆனால் சில்லு ஒவ்வொரு பக்கமும் 11.5 மி.மீ. தான் உள்ளே போகிறது. கழுந்து ஒன்றரை அங்குலம். மேசையை இழுப்பார்கள், குழந்தைகள் ஏறி உட்காரும். பலகைகளுக்குள் மேடுபள்ளம் இல்லாமல் சேர்க்கத்தான் பிஸ்கட். பாரம் தாங்க அதை நம்ப மாட்டேன்.

15 டிசம்பர், ஞாயிறு, திண்டிவனம்

மேசையை இறக்கியாயிற்று. டீச்சரம்மா வாசல் கதவைக் காட்டினார். அவர் தாத்தா காலத்துத் தேக்கு. ஏற்கெனவே உளுத்திருந்த அடிச்சட்டம் தண்ணீர் நின்றதில் விட்டுப்போயிருந்தது. ரெடிமேட் கதவு வாங்கிவிடலாமா என்று கேட்டார்.

மூலையைத் தட்டிப் பார்த்தேன். பசையே இல்லை, கழுந்தின் குறுக்கே மூங்கில் ஆணி. ஆணியைத் தட்டி எடுத்தால் கதவு பிரிந்துவிடும், கெட்ட சட்டத்தை மட்டும் மாற்றி மறுபடி பூட்டலாம். பிஸ்கட் போட்டுப் பசை காய்ந்ததை இப்படிப் பிரிக்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும்.

கதவு வாங்க வேண்டாம், அடிச்சட்டம் போதும் என்று சொல்லி அளவெடுத்துக்கொண்டு வந்தேன்.