மஷூரா கேட்காத சுவர்

கூடத்தை விரிவாக்க எண்ணி, சென்ற ரமலானுக்கு முன் நடுச்சுவரை இடித்தோம். "உங்க வாப்பா கட்டின சுவர். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் செய் மவனே" என்றார் உம்மா. மாணவர்களுக்கு மஷூராவின் சிறப்பை ஓதிக்கொடுக்கும் நாம், கொத்தனாருடன் பேசியதோடு நிறுத்திக்கொண்டோம்.

இரண்டே மாதங்களில், உம்மாவின் அறைக் கதவு நிலையின் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக மேலேறியது. பூசினோம்; மீண்டும் பிளந்தது. பின்னரே பொறியாளரை அழைத்தோம்.

"ஹஜ்ரத், நீங்கள் இடித்தது 9 அங்குலச் சுவர். மேல்தளத்தின் பாரத்தை அஸ்திவாரத்திற்கு இறக்கியது அதுதான். இப்போது அந்தப் பாரம் பக்கச் சுவரில் ஏறிவிட்டது. பூச்சு அதைத் தாங்காது" என்றார்.

முட்டுக் கொடுத்து இரும்பு உத்திரம் ஏற்றும்வரை உம்மா தங்கை வீட்டில் தங்கினார். திரும்பி வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டோம். கேட்டறிந்து செயலாற்றும் பணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!