குழந்தைப் பொறி

1948ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸ், கில்பர்ன், டூட்டில் என்னும் அறிஞர் மூவர் கணிப்பொறி ஒன்றை அமைத்தனர். விசையை அழுத்தினர், திரையில் ஒளிப்புள்ளிகள் தாறுமாறாக ஆடினவேயன்றி விடை வரவில்லை. பிழை எங்குளது என்பதற்கு அவ்வாட்டம் குறிப்பொன்றும் தரவில்லை. நோவு இன்னதெனச் சொல்லத் தெரியாத குழந்தையின் அழுகை போன்றது அது. பொறிக்கு வழங்கிய செல்லப்பெயரும் ‘குழந்தை’ என்பதே!

நல்லவேளையாக, கில்பர்ன் எழுதிய கணக்கின் விடை முன்னரே தெரிந்தது. ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களுள், அதனினும் சிறியனவற்றில் மிகப் பெரியது யாது? பொறி தவறினால் உடனே புலப்பட்டுவிடும். பன்முறை முயன்றனர். ஜூன் 21ஆம் நாள் ஆட்டம் ஓய்ந்தது. சரியான விடை திரையில் ஒளிர்ந்து நின்றது. பின்னர் 262144 என்னும் எண்ணைக் கொடுத்தனர். கணக்கில் கழித்தலன்றி வேறறியாத அப்பொறி, 52 நிமிடம் உழைத்து 131072 எனக் காட்டியது.